மாமா அறை

"மூணு ஃபோல்டர் போதும். நாலாவதைச் சேர்க்க மாட்டேன்," என்றாள் தம்பி மனைவி, லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே.

சோபாவில் உட்கார்ந்திருந்த நர்ஸக்காவுக்குச் சுருக்கென்றது. அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. வெளியூர் ஆஸ்பத்திரியிலிருந்து நாலு நாள் லீவில் தம்பி வீட்டுக்கு வந்து, பழைய குடும்ப வீடியோ ஏதாவது பார்க்கலாம் என்று டிவியைப் போட்டால், அதில் ஒன்றுமே இல்லை.

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி. வீட்டின் படம், பாட்டு, வீடியோ எல்லாம் அதற்குள்தான் சேமிப்பு. டிவிக்கு அடியில் இருக்கும் மீடியா சர்வர் அதிலிருந்து எடுத்துக் காட்டும். போன வாரம் இரண்டும் தாமாகவே அப்டேட் ஆனதில், ஒன்றுக்கு ஒன்று அடையாளம் தெரியாமல் போய்விட்டது. முன்பெல்லாம் தட்டியதும் திறந்த பெட்டி, இப்போது நீ யார், பாஸ்வேர்டு என்ன, எதையெதைப் பார்க்க அனுமதி என்று குறுக்கு விசாரணை செய்தது.

தம்பி மனைவி பாஸ்வேர்டைக் கொடுத்து, பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டு வந்தாள். சினிமா. பாட்டு. குடும்பம். நாலாவதில் கை நின்றுவிட்டது.

'மாமா அறை' என்றிருந்தது அது.

"என்ன அது?"

"மாமா கட்டிலுக்கு மேல ஒரு கேமரா மாட்டியிருந்தேன், அண்ணி. அடுப்படியில இருக்கறப்போ அவரைப் போன்ல பார்த்துக்கறதுக்கு. அதுல பதிவானது."

"எங்கப்பாவோட கடைசி எட்டு மாசம் அதுல இருக்கா?"

"இருக்கு."

"அப்ப போடு."

"போட மாட்டேன்."

தம்பி ஜன்னல் திரையைச் சரிசெய்பவன்போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் அவனுக்கு நிறைய உண்டு.

"என்ன மறைக்கிறே?"

"மறைக்கிறேன்னே வெச்சுக்குங்க."

"இருபத்தாறு வருஷமா வார்டு பார்க்கிறவ நான். படுத்த படுக்கையா கிடந்தவரை நீ எப்படி வெச்சிருந்தேன்னு விரிப்பைப் பார்த்தே சொல்லிடுவேன். அந்தப் பயம்தானே உனக்கு?"

"நீங்க கெட்டிக்காரங்கதான், அண்ணி. அதுக்காக டிக் விழாது."

"சாவுக்கு வந்து நான் பார்த்தப்போ எங்கப்பா எலும்பும் தோலுமா கிடந்தார். அதுக்கு என்ன சொல்றே?"

'எட்டு மாசமும் நீங்க எங்க போயிருந்தீங்க' என்று அவள் திருப்பிக் கேட்பாள் என்று நர்ஸக்கா எதிர்பார்த்தாள். லீவு கிடைக்கவில்லை என்ற பதிலைக்கூட நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தாள். அவள் கேட்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், நீ சொல்லுடா. இது உன் வீடுதானே?"

"பாஸ்வேர்டு அவகிட்டதான் இருக்கு, அக்கா."

"வீட்டுக்காரனுக்கே அனுமதி கிடையாதா? நல்லா நடத்தறீங்க குடித்தனம்."

நர்ஸக்கா எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் கிளம்பறேன். இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். எங்கப்பாவை நீ பட்டினி போட்டே கொன்னுட்டேன்னுதான் சாகிற வரைக்கும் நினைப்பேன். நாலு பேர்கிட்ட சொல்லவும் சொல்வேன்."

"தாராளமா சொல்லுங்க."

தம்பிதான் தாங்கமாட்டாமல் திரும்பினான். "போட்டுடு," என்றான் மனைவியிடம். "கொன்னுட்டேங்கறாங்க உன்னை. அதுக்கப்புறமும் என்ன வீம்பு? எனக்காகப் போடு."

அவள் டிக் போட்டாள். டிவியில் தேதி தேதியாகப் பட்டியல் இறங்கியது. ஏதோ ஒன்றைத் தொட்டு, ஒலியைச் சுத்தமாக அடக்கி, ரிமோட்டை நர்ஸக்காவிடம் நீட்டினாள்.

"படம் மட்டும் பாருங்க. சத்தம் வேண்டாம்."

நர்ஸக்கா வார்டுக்குள் நுழைகிறவள்போல டிவியை நெருங்கிப் போய் நின்றாள். விரிப்பில் ஒரு சுருக்கமில்லை. குதிகால் புண்ணாகாமல் இருக்க அடியில் சின்னத் தலையணை. சாப்பாட்டுக்குத் தலைமாட்டை உயர்த்தியிருந்தார்கள். அப்பாவின் நகம்கூட ஒட்ட வெட்டியிருந்தது. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே அவளுக்குக் கோபத்தை ஏற்றியது.

திரையில் தம்பி மனைவி கிண்ணத்தோடு கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள். அப்பா உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கரண்டியை நீட்ட நீட்டத் தட்டிவிட்டார். அவள் குனிந்து அவர் காதருகில் ஏதோ சொன்னாள். அவர் முகம் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பியது.

"என்ன சொன்னே அவர்கிட்ட? மிரட்டினியா?"

"சத்தம் வேண்டாம், அண்ணி. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காக நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

நர்ஸக்கா காட்சியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, ஒலியைக் கூட்டினாள்.

"யாரு?" அப்பாவின் குரல், காய்ந்த சருகு மாதிரி. "யாரு வந்திருக்கா?"

"நான்தாம்ப்பா. உங்க பொண்ணு. லீவு போட்டுட்டு வந்துட்டேன்."

"வந்துட்டியாம்மா." அவர் கை, குனிந்திருந்தவளின் முகத்தைத் தடவிப் பார்த்தது. "அந்த மருமக சரியில்லம்மா. எனக்குச் சாப்பாடே போடறதில்ல."

கரண்டியை வாயால் ஊதி ஆற்றிக்கொண்டே தம்பி மனைவி சொன்னாள்:

"ஆமாம்ப்பா, அவ மோசம். அதான் நான் வந்துட்டேன்ல. வாயத் திறங்க."