வெட்டிய பின்

"டைட்டஸ் கடைசியா சார்ஜர் வாங்கினது உங்க கடையிலதானே, பாய்?"

கேட்டது டைட்டஸ் சாரின் மனைவி கிரேஸி டீச்சர். ஜியாவுல்லாவின் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவி மேசைமேல் விழுந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுக்கு நெஞ்சு போதாதென்று விரல்களும் சேர்ந்துகொண்டன.

"ஆமா டீச்சர்" என்றான். பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னாலும் எடுபடாது. ஆம்பூர் பஜாரில் லேப்டாப் பார்க்கிற கடை இரண்டே இரண்டு, இன்னொன்று அன்றைக்குப் பூட்டியிருந்தது.

நாற்பது நாளாக இந்தக் கேள்விக்குத்தான் பயந்து செத்துக்கொண்டிருந்தான். விஷயம் வெளியே வந்தால் கடைக்குப் பூட்டு, அவனுக்கு ஜெயில். அதைவிடக் கொடுமை, வாசலில் யார் நிழல் விழுந்தாலும் டைட்டஸ் சாரே வந்து நிற்பதுபோல இருந்தது.

அன்றைக்கும் அவர் ஷூ கம்பெனியிலிருந்து நேராக ஓடிவந்து, இதே இடத்தில்தான் நின்றார். "சார்ஜர் எங்கியோ மாயமாப் போச்சு பாய். பேட்டரி சுத்தமா எறங்கிடுச்சு. ராத்திரிக்குள்ள ஜெர்மனிக்கு மெயில் போவலன்னா பேஜாராயிடும்."

கடையில் ஒரிஜினல் இல்லை. ஜியாவுல்லா ஒரு டூப்ளிகேட்டை எடுத்து நீட்டினான். அதில் மூன்று பின். "எங்க வீட்டு போர்டுல ரெண்டு ஓட்டைதான்" என்றார் அவர். அதற்கென்ன, குறடை எடுத்து, கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் பின்னை நறுக்கென்று வெட்டிக் கொடுத்தான். ஊரில் எல்லாக் கடையிலும் செய்கிற வேலைதானே!

மறுநாள் காலை டீக்கடை வழியாகச் சேதி வந்தது. சார்ஜர் வழியாக லேப்டாப்பிலேயே கரண்ட் இறங்கி, உட்கார்ந்த இடத்திலேயே டைட்டஸ் போய்விட்டார்.

வெட்டிய அந்தப் பித்தளைத் துண்டை எறியவும் மனமில்லை, பார்க்கவும் தைரியமில்லை. ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு மேசை டிராயருக்குள் தள்ளிவிட்டிருந்தான். டிராயரைத் திறக்கும்போதெல்லாம் அது உள்ளே கடகடவென்று உருண்டது.

டீச்சர் லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது ஆன் ஆகணும் பாய். அவரு கடைசியா என்ன அடிச்சிக்கினு இருந்தாருன்னு பாக்கணும்."

பிறகு பையிலிருந்து ஒரு சார்ஜரையும் எடுத்துக் கொடுத்தார். டூப்ளிகேட் இல்லை. லேப்டாப்போடு கம்பெனி தந்த இரண்டு பின் சார்ஜர். ஒயரைப் பதவிசாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. கையில் வாங்கியதும் குப்பென்று அந்துருண்டை வாசனை அடித்தது. போனவரின் சட்டை துணிமணியோடு பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார்கள் என்று ஜியாவுல்லா நினைத்துக்கொண்டான்.

சார்ஜரை மீட்டரில் வைத்துப் பார்த்தான். பத்தொன்பது வோல்ட், பழுதே இல்லை. பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, மறுபடி மாட்டிச் சார்ஜரைச் சொருகினான். ஓரத்தில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

"உயிர் இருக்கு டீச்சர்" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

டீச்சர் ஸ்டூலை இழுத்துப்போட்டு, திரைக்கு நேராக உட்கார்ந்தார்.

பேட்டரி தீர்ந்துபோனால் இந்த லேப்டாப் விட்ட இடத்தை அப்படியே ஞாபகம் வைத்துக்கொண்டு தூங்கிவிடும். எழுப்பினால் அதே இடத்தில் கண் விழிக்கும். அப்படித்தான் விழித்தது. திரையில் பாதி அடித்த மெயில். இரண்டு வரி இங்கிலீஷ், மூன்றாவது வரியில் ஒரு வார்த்தை பாதியில் நின்றிருந்தது.

அதற்குக் கீழே ஒரே ஓர் எழுத்து. வரி வரியாக, பக்கம் பக்கமாக அந்த ஒரே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. விழுந்த கையை யாரோ வந்து தூக்கும்வரை ஒரு விரல் அங்கேயே அழுத்திக் கிடந்திருக்கிறது.

ஜியாவுல்லாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. டிராயரை இழுத்து, டப்பாவைத் திறந்து, பித்தளைப் பின்னை அவர் முன்னால் வைத்தான்.

"யா அல்லா… நான்தான் டீச்சர். டூப்ளிகேட்டுன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன். இந்தப் பின்னை வெட்டினதும் நான்தான். போலீஸ்ல சொல்லுங்க, ஜமாத்துல சொல்லுங்க. சாரைக் கொன்னது நான்தான்!"

டீச்சர் பின்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையில் ஓடிய அந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"பின்னு வெட்டியிருக்குன்னு போலீஸ்காரங்க அன்னிக்கே காட்டினாங்க பாய். எந்தக் கடைன்னும் கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன்."

"ஏன் டீச்சர்? என்னை ஏன் சும்மா வுட்டீங்க?"

டீச்சர் சார்ஜரைப் பிடுங்கினார். திரை பொசுக்கென்று இருண்டது. ஒயரைப் பழையபடி சுற்றி, ரப்பர் பேண்டைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு ராத்திரியாவது மனுஷன் தூங்கட்டும்னு, இதைப் பொடவைக்கு நடுவுல ஒளிச்சு வெச்சது நான்தானே பாய்."