புகார்தாரர்

“இதே காயின்ல நான் போட்ட ரெண்டு லட்சம் போச்சுங்க. திருப்பிக் கேட்டா போனையே எடுக்க மாட்டேங்குறாங்க.”

ஆவூர்க் கல்யாண மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் ஷர்லி எழுந்து நின்று இப்படிச் சொன்னதும் நாத்தனார் சந்தனத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போட்ட கூட்டம் அது. திருச்சியிலிருந்து வந்த கோட்டுக்காரத் தம்பி ஒருவன், செல்போனில் வாங்கி செல்போனிலேயே விற்கிற காயினைப் பற்றி வெகுநேரம் பேசியிருந்தான். இதுக்கு அரசாங்கமே வரி வாங்குது, அப்புறம் என்ன பயம் என்று அவன் கேட்டது எல்லாருக்கும் நியாயமாகத்தான் பட்டது. மகன் சார்லஸ் துபாயிலிருந்து அனுப்பிய பணத்தைப் போட்டுவிடலாம் என்று சந்தனமும் கைப்பையோடு வந்திருந்தாள்.

ஷர்லி அதோடு உட்காரவில்லை. வரி வாங்குகிற அரசாங்கம் போட்ட பணத்துக்கு ஜாமீன் நிற்குமா, கம்பெனி ஓடிப்போனால் நாங்கள் எந்த ஆபீஸ் படியேறுவது என்று கேட்டாள். கோட்டுக்காரன் தண்ணீர் குடித்தான். அவன் பாட்டிலை மூடுவதற்குள் பாதி மண்டபம் காலி.

சந்தனமும் பணத்தோடு வீடு திரும்பினாள். பணம் தப்பியது அவளுக்கு ஒரு விஷயமாகவே தெரியவில்லை. தம்பி இன்னாசியின் முகம்தான் கண்ணிலேயே நின்றது. பெண்டாட்டி பேசப் பேச, பாவம், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தானே.

இன்னாசி குவைத்தில் பாடுபட்டுத் திரும்பியவன். கோயில் திருவிழா வரவு செலவெல்லாம் அவன் பொறுப்பு. கால் கிலோ கத்தரிக்காய் என்றாலும் காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவான். அப்பேர்ப்பட்டவனுக்குத் தெரியாமல் ரெண்டு லட்சமா?

அந்த வாரம் ஊர் முழுக்க இதே பேச்சு. பாதி இடத்தில் அதைத் தொடங்கி வைத்தவளே சந்தனம்தான். மகளிர் குழுவுக்கு ஷர்லிதான் தலைவி. வீட்டுப் பணத்தையே காப்பாற்றத் தெரியாதவள் குழுப் பணத்தை என்ன காப்பாற்றுவாள் என்று அவளை இறக்கிவிட்டு வனிதாவைத் தலைவியாக்கினார்கள். ஷர்லி குழு பாஸ்புக்கைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் சந்தனம் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டாள். இன்னாசி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வந்தவள் நின்றபடியே தொடங்கினாள். வெயிலில் வெந்து சம்பாதித்த காசு என்றாள். புருஷனைக் கேட்காமல் பணத்தில் கை வைக்கிற பொம்பளை இருக்கிற வீடு விளங்காது என்றாள். தன் மருமகள் மட்டும் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே தாய் வீட்டுக்குப் பஸ் ஏற்றி விட்டிருப்பேன் என்றாள். சார்லஸுக்கு இன்னும் பெண்ணே பார்க்கவில்லை.

ஷர்லி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மதினி, உக்காருங்க. ரெண்டு வாய் சாப்புடுங்க” என்றாள்.

மீன் குழம்பு. சந்தனம் உட்கார்ந்தாள். சாப்பிட்டுக்கொண்டே மீதியையும் திட்டி முடித்தாள்.

வெறுமனே திட்டிவிட்டுப் போகவும் அவள் வரவில்லை. புதுக்கோட்டையில் இதற்கென்றே சைபர் கிரைம் போலீஸ் இருக்கிறதாம். சீக்கிரம் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தால் விட்டதில் கொஞ்சமாவது தேறுமாம். திங்கட்கிழமை துணைக்குத் தானே வருவதாகச் சொன்னாள்.

“வேணாம் மதினி. போனது போகட்டும்.”

“ஏன் வேணாம்? பணம் யாரு பேருல இருந்துச்சு, எந்த பேங்க்லேருந்து போச்சுன்னு கேப்பாங்க. உள்ளதைச் சொன்னா ஆச்சு. இதுல ஒனக்கு என்ன பயம்?”

ஷர்லி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். போக வேண்டாம் என்று மட்டும் மறுபடியும் சொன்னாள்.

“பாத்தியா தம்பி? இவ இன்னும் என்னத்தையோ மறைக்கிறா.”

இன்னாசி சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

“மறைக்கிறது நான்தான்க்கா. புகாரு எம் பேருலதான் குடுக்கணும். பணத்தைப் போட்டவன் நான்.”

சந்தனத்தின் கை வாய்க்குப் போகிற வழியில் அப்படியே நின்றது.

இன்னாசி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். போன மாதமே பணம் முடங்கிவிட்டது. கூட்டத்துக்கு முதல் நாள்தான் ஷர்லியிடம் வாய் திறந்திருக்கிறான். நாளைக்கு ஊரே பணத்தோடு வரப்போகுது, எழுந்து உள்ளதைச் சொல்லிவிடுங்கள் என்றிருக்கிறாள் அவள். சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனானாம்.

“கால் எந்திரிக்க வரலக்கா. கோயில் கணக்குப் பாக்குறவனே ஏமாந்துட்டான்னு ஊரு சிரிக்குமேன்னு இருந்துச்சு. நான் எந்திரிக்கலைன்னதும் இவ எந்திரிச்சுட்டா.” நிமிர்ந்து அக்காவைப் பார்த்து, “நாளைக்குப் பூசை முடிஞ்சதும் எல்லாத்துக்கிட்டயும் சொல்லப்போறேன். திங்கக்கிழமை நானே புதுக்கோட்டைக்குப் போறேன்” என்றான்.

ஷர்லி திரும்பவே இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சந்தனம் தம்பியைப் பார்த்தாள். ஷர்லியின் முதுகைப் பார்த்தாள். திட்ட வேண்டியதெல்லாம் தயாராகவே இருந்தது. ஆளை மட்டும் மாற்றினால் போதும்.

தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு ஒரு மீன் துண்டை எடுத்துத் தம்பியின் தட்டில் வைத்தாள்.

“விடுறா தம்பி. ஆம்பளைன்னா நாலு எடத்துல போட்டுப் பாக்கத்தான் செய்வான். இதுக்குப் போயி யாராவது சோத்தை வச்சுக்கிட்டுக் கலங்குவாங்களா?”