தூணுக்குப் பின்னால்

ஜிம்மில் நாலு சுவரிலும் கண்ணாடி. தூணுக்குப் பின்னால் இருக்கும் டிரெட்மில்லில் ஏறினால் மட்டும்தான் என் தொப்பை என் கண்ணில் படாது. சேர்ந்த அன்றே அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் மற்றவர்கள் கண்ணில் பட்டதே. எடை தூக்கும் கட்டுமஸ்தான ஆசாமி என்னையே முறைத்தார். சைக்கிள் மிதிக்கும் ஒல்லிப் பெண்ணும் அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். சட்டையை இழுத்துவிட்டேன். வயிற்றை எக்கிக்கொண்டு ஓடினேன். மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

ஒரு வாரம் பொறுத்தேன். இன்று இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த ஆசாமியிடமே நேராகப் போனேன்.

"ஏன் சார், குண்டா இருக்கிறவன் ஓடக் கூடாதா? தினமும் அப்படிப் பாக்கறீங்க?"

அவர் பதறிப்போய்த் துண்டை எடுத்துத் தன் கால்களை மூடிக்கொண்டார். அதற்குள் பார்த்துவிட்டேன். அத்தனை பெரிய உடம்புக்குக் கீழே இரண்டு குச்சிகள்.

"உங்களை யாரு சார் பாத்தா? நீங்க எப்ப இறங்குவீங்கன்னுதான் பாத்தோம். கண்ணாடியில நம்ம உடம்பு தெரியாத இடம் இங்க அது ஒண்ணுதான்."

எட்டிப் பார்த்தவர் பெருமூச்சு விட்டார்.

"போச்சு. உங்ககிட்ட பேசிட்டிருந்ததுல அந்தப் பொண்ணு ஏறிடுச்சு."