ஒரு ரிங்

வெளிநாட்டில் இறங்கியதும் கதிர்வேலு கழற்றிவைத்த ஊர் சிம், பர்ஸுக்குள் சில்லறைகளோடு புரண்டுகொண்டே கிடந்தது.

"ஏன்க்கா தவிக்கிறீங்க? அவருக்கு வர்ற போன்காலை நான் பார்த்துக்கறேனே," என்றது போனுக்குள்ளிருந்த புது சிம்.

"அவரோட அப்பா தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் ஒண்ணாம் பட்டனை அமுக்கி, ஒரே ரிங்ல கட் பண்ணுவார். சாப்பிட்டாச்சுன்னு அர்த்தம். அந்தப் பட்டன்ல இருக்கிறது என் நம்பர்."

"புது நம்பரைத்தான் சொல்லியாச்சே!"

"சொன்னா? பெரியவருக்குத் தெரிஞ்சது அந்த ஒரு பட்டன்தான்டி."

ஏழாம் நாள் ஊர் வந்திறங்கி, ஊர் சிம்மை மறுபடி போனில் போட்டார் கதிர்வேலு. மத்தியானம் மணி அடித்தது. ஒரு ரிங். கட் ஆகவில்லை. இரண்டு, மூன்று.

கதிர்வேலு எடுத்தார்.

"வந்துட்டியாப்பா?" என்றது நடுங்கிய குரல். "இரு, சாப்பிட்டுட்டு அடிக்கிறேன்."