ஜப்பான் குழாய்

“ஏ சின்னத்தாயி, எந்திரி! உனக்கும் எனக்கும் ஒரே நோவு, ஒரே ஆஸ்பத்திரியில வைத்தியம். நான் குதிரை மாதிரி நிக்கேன். உனக்கு மட்டும் என்ன கேடு?”

கங்காணி செல்லத்துரை போட்ட சத்தத்தில் சித்திரபுரத்துத் தேயிலை மலைச்சரிவே திரும்பிப் பார்த்தது. செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்ட சின்னத்தாய், கொழுந்துக் கூடையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“இன்னும் வலிக்குதுங்கய்யா. கொஞ்ச நாளைக்கு நாத்துப் பண்ணையில உக்காந்து செய்யுற வேலை குடுங்க.”

“நாளைக்கும் இப்படி உக்காந்தே, பேரை வெட்டிருவேன்!”

இருவருக்கும் கணையத்தில் கல். வருஷக்கணக்கான வயிற்றுவலி. வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுக்கும் புது வைத்தியம் அந்த எழுபத்தெட்டாம் வருஷம்தான் சோதனையில் இருந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியிலிருந்து சோதனைக்கு ஆள் தேடி வந்தபோது இருவரும் போய்ப் படுத்தார்கள்.

திரும்பி வந்ததிலிருந்து செல்லத்துரைக்கு வலியே இல்லை. டீக்கடையில் பரோட்டாவும் கோழிக்கறியுமாக வெளுத்துக்கட்டினார். “ஜப்பான் குழாய்டா! கல்லு பேந்து வந்தது எனக்கே தெரிஞ்சுது” என்று கேட்காதவர்களையும் நிறுத்திச் சொன்னார்.

அடுத்த வாரம் அந்தப் பட்டணத்து டாக்டரே தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்தார். செல்லத்துரை ஒரு கூட்டத்தையே கூட்டிக்கொண்டு போய் முன்னால் நின்றார்.

“எனக்குச் சுத்தமா வலி இல்லைங்கய்யா. இவதான் வேலைக்குப் பயந்து நடிக்கா. நீங்களே சொல்லுங்க.”

டாக்டர் சின்னத்தாயின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். “நடிப்பில்லை. இவங்களுக்குச் சின்னக் கல்லுங்களை எடுத்தோம். பெரிய கல்லு அசையவே இல்லை. வலிக்கத்தான் செய்யும். உட்கார்ந்து செய்யுற வேலையாக் கொடுங்க.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். செல்லத்துரைக்குச் சுருக்கென்றது.

“அப்ப எனக்கு எத்தனை கல்லு எடுத்தீங்கன்னு இவங்க காதுபடச் சொல்லுங்கய்யா.”

“உங்களுக்கா? ஒண்ணும் எடுக்கலை. குழாயே விடலை. குழாய் விட்டவங்களுக்கும் விடாதவங்களுக்கும் வித்தியாசம் தெரியணும்னு பாதிப் பேருக்கு மயக்க ஊசி மட்டும்தான் போட்டோம். சோதனை முடிஞ்சாச்சு, உங்களுக்கு இனிமேதான் வைத்தியம்.”

செல்லத்துரை வயிற்றைக் கையால் அமுக்கிக்கொண்டு அப்படியே தரையில் சரிந்தார்.

“ஐயோ டாக்டரய்யா, கல்லு குத்துதே!”