சிம் இல்லாத கஸ்டமர்

கடைசி மேசைக்காரர் வாயிலிருந்து பல்குத்தும் குச்சியை எடுத்து, நுனியை உற்றுப் பார்த்துவிட்டு, சர்க்கரைக் கிண்ணத்தில் செருகி வைத்தார். "சேச்சே, நீங்க எதுக்கு அலையணும்? நம்ம கார் வந்து உங்களைக் கூட்டிட்டுப் போகும்" என்று போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பார்த்துக்கொண்டிருந்த சப்ளையர் வேகமாக வந்தான். கிண்ணத்தை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய்க் குப்பையில் கொட்டினான்.

காலையில் வாங்கிய ஒரே டீ ஏடு படிந்து கிடந்தது. எதிர் நாற்காலியில் ஷூவைக் கழற்றிய கால்கள்; அந்த நாற்றம் கல்லாப்பெட்டி வரை வந்தது.

"முதலாளி, அந்த ஆளை எழுப்பி விடுங்க. ஒரு வாரமா இதே கூத்து."

"வாசல்ல 'வை-ஃபை இலவசம்'னு நாமதானப்பா எழுதி வெச்சிருக்கோம்."

முதலாளிக்கும் பொறுக்காமல்தான் நேற்று ஜாடையாகக் கேட்டுப் பார்த்தார். "ஏன் சார், சொந்தமா ஒரு சிம் போட்டுக்கலாமில்ல?"

"சிம்மா? அதைத் தூக்கிப் போட்டு எத்தனையோ நாளாச்சு. ஊரெல்லாம் வை-ஃபை இருக்கும்போது போன் கம்பெனிக்கு நான் எதுக்கு அழணும்? வை-ஃபை கிடைக்கிற இடம்தான் நமக்கு ஆபீஸ்."

"நடு ரோட்டுல வண்டி நின்னுட்டா யாரைக் கூப்பிடுவீங்க?"

"போற வழியில காப்பிக் கடை இருக்கான்னு பாத்துட்டுத்தான் வண்டியே எடுப்பேன்." சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தி, விரலை மேசை விரிப்பின் அடியில் துடைத்தார்.

அந்த விரிப்பைத் துவைத்துப் போட்டவன் சப்ளையர்தான்.

போகட்டும், இந்த எச்சில் பிழைப்பு இந்த வாரத்தோடு சரி. மச்சினன் ஒரு பெரிய கம்பெனியில் குடோன் சூப்பர்வைசர் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். எம்.டி.யே இன்று கூப்பிட்டுப் பேசுவார், வேலை உறுதி என்று சத்தியம் செய்திருந்தான்.

சப்ளையரின் மனைவி அக்கம்பக்கத்தில் ஒரு வீடு விடாமல் சொல்லியாகிவிட்டது. அவனும் காலையிலேயே முதலாளியிடம் வேலையிலிருந்து நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டான். முதலாளி அவன் இடத்துக்கு வேறு ஆளும் பேசி முடித்துவிட்டார்.

கடைசி மேசைக்காரர் இயர்போனைக் கழற்றி, அதில் ஒட்டிய அழுக்கை நகத்தால் சுரண்டி, மறுபடி காதில் செருகிக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிக் காறி, டீ கிளாசுக்குள்ளேயே துப்பினார்.

அதைக் கழுவ வேண்டியவனும் சப்ளையர்தான்.

வேலையை விட்டுப் போகிறவனுக்கு இனி யாரிடம் என்ன பயம்? சுவரில் செருகியிருக்கும் அந்த ஆளின் சார்ஜரைப் பிடுங்கிக் கையில் கொடுத்து வாசலைக் காட்டிவிட்டுத்தான் மறுவேலை என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பின்னால் போய்ச் சார்ஜர் வயரைப் பிடித்தபோது, சட்டைப் பையில் அவன் போன் அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தான். நெட் கால். உயரமான கண்ணாடிக் கட்டிடம் ஒன்றின் படம் திரையில் மின்னியது. அருவருப்பெல்லாம் எங்கோ பறந்துவிட, குரலைத் தாழ்த்திப் பணிவாக, "வணக்கம் சார்" என்றான்.

"தம்பி, எம்.டி. பேசறேன். ஹெட் ஆபீஸ்லேருந்து."

குரல் போனிலும் கேட்டது, எதிரிலும் கேட்டது.

சப்ளையரின் கை வயர்மேல் அப்படியே நின்றுவிட்டது. நிழல் விழுந்ததை உணர்ந்து கடைசி மேசைக்காரர் திரும்பினார். அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போனை வாயருகே கொண்டுபோனார்.

"லைன்ல இருங்க தம்பி, இங்க ஒரு சப்ளையர் மொறைச்சுக்கிட்டு நிக்கிறான்."