தானாக நிற்கும் குழாய்

“இன்னா சார் பாக்குறீங்க? அதே ஸ்பிரிங்கு, அதே மூடி. கொடம் நெறஞ்சதும் தானா நிக்கிற கொழாய். காப்புரிமை என் பேர்லதான் இருக்குது” என்றான் மார்ட்டின்.

கோர்ட்டு அனுப்பிய கமிஷனர் குனிந்து பார்த்து, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

ஊராட்சிச் செயலர் பிச்சைமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கள்ளக்குறிச்சியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறவன், கரியாலூர் மலையேறி வந்து ஊராட்சி மேலேயே கேஸ் போடுவதா! அதே மாதிரி நாற்பது குழாய் செய்து மாட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். தோற்றால் வேலைக்கே உலை.

“காப்பி அடிச்சீங்களா, இல்லையா?” என்றார் கமிஷனர்.

பிச்சைமுத்து செருமிக்கொண்டார். சர்வீஸ் முழுக்க எதையும் படிக்காமலே கையெழுத்துப் போட்ட மகராசன், மார்ட்டினின் காப்புரிமைப் பத்திரத்தை மட்டும் கரைத்துக் குடித்திருந்தார்.

“உருவம் ஒண்ணுதாங்க சார். ஆனா தம்பி உரிமை வாங்கினது உருவத்துக்கு இல்லீங்களே! ஓடுற தண்ணிய நிறுத்துற வேலைக்கு. அந்த வேலைய எங்க கொழாய் ஒரு நாளும் செஞ்சதில்லீங்க.”

“ஏன்?”

“தண்ணி வந்தாத்தானேங்க நிறுத்தறதுக்கு? மாட்டி ரெண்டு வருசம் ஆவுது, ஒரு சொட்டு வந்ததில்ல!”

கமிஷனர் குழாயைத் திருகினார். ஒரு பல்லி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

ஊராட்சியின் மானம் கப்பலேறினால் ஏறட்டும், வேலை தப்பியதே! பிச்சைமுத்துவுக்குத் தன் மூளையைத் தானே தட்டிக்கொடுக்க வேண்டும் போலிருந்தது.

“இத அப்படியே எழுதிக் குடுப்பீங்களா?” மார்ட்டினின் குரல் கம்மியது.

ஐயோ பாவம், பையன் அழுதுவிடுவான் போலிருக்கிறதே!

“தாராளமா! சீலும் வச்சித் தரேன், தம்பி. கமிஷனர் சாருக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. பிரேம் போட்டுப் பட்டறையில மாட்டிக்க.”

இரண்டு தாளிலும் நங்கு நங்கென்று முத்திரை விழுந்தது. கமிஷனர் தன் தாளை மடித்து வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

மார்ட்டின் தன் தாளை ஒரு முறைக்கு இரு முறை படித்தான். பிறகு, கூட்டத்தோடு நின்றிருந்த மாமியார் செலினாவிடம் நீட்டினான்.

“இந்தாங்க அத்தே. என் கேஸ வாபஸ் வாங்கிக்கிறேன். தண்ணி வரலன்னு உங்க ஊரு சனம் போட்ட கேஸுல, ‘தெனமும் ரெண்டு வேள தண்ணி வுடுறோம்’னு செயலரு ஐகோர்ட்டுல சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காரே, அதே கையெழுத்துதான். ஒத்துப் பாத்துக்கங்க.”